நான்கு செங்கற்கள்

“ராத்திரி கூப்பிட்டியா?” என்று வீட்டுக்காரம்மா கேட்டார்.

நான் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டு மாடியறைக்குக் குடிவந்து அன்று நான்காவது நாள்.

“இல்லையே ஆன்ட்டி.”

“என்னவோ காதுல விழுந்த மாதிரி இருந்துச்சு.” அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தார். “குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்கு?”

“காலையில அப்படித்தான் இருக்கும். பத்து மணிக்குள்ள சரியாயிடும்.”

அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரம் இரண்டு தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்லிவிட்டு நழுவினேன்.

எனக்கு நெஞ்செரிச்சல். கல்லூரி விடுதியில் தொடங்கியது. உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. படுத்தால் அரை மணி நேரத்தில் நெஞ்சுக்குள் ஒரு சூடு கிளம்பும். அது மெல்ல ஏறித் தொண்டைக்கு வரும். புளித்த நீர் வாயில் எதுக்களிக்கும்போது விழிப்பு வந்துவிடும். எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் இறங்கும். மறுபடி படுத்தால் மறுபடி வரும். விடியும்வரை இதுதான்.

மாடியறை நல்ல அறை. சிவப்புச் சிமெண்டுத் தரை, ஒரு ஜன்னல், ஒரு மர நாற்காலி, சுவரோரமாக ஓர் இரும்புக் கட்டில். இரண்டு பேர் தங்கக்கூடிய அறையில் கட்டில் ஏன் ஒரே பக்கமாக ஒதுங்கியிருக்கிறது என்று முதல் நாள் தோன்றியது. மறு பாதி காலியாகக் கிடந்தது. நாற்காலி ஆடினால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். கட்டிலில் புரண்டால் அதைவிடக் கனமாக, இழுத்தாற்போல் ஒரு சத்தம் வரும். நாலைந்து நாளில் எது எதன் சத்தம் என்று காது பழகிவிட்டது.

எனக்கு வேலை குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில். தண்ணீரின் காரத்தன்மையை அளப்பது அதில் ஒன்று. குடுவையில் தண்ணீரை ஊற்றி, நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாகும். மேலே பியூரெட் என்னும் நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாக இறங்கும். மஞ்சள் ஆரஞ்சாக மாறும் அந்தச் சொட்டில் குழாயை மூட வேண்டும். இன்னும் ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சிவந்துவிடும். எழுதும் எண் பொய்யாகிவிடும்.

அந்த மாதம் இரண்டு தடவை சிவக்க விட்டுவிட்டேன். முதல் தடவை குழாயை மூடத் தாமதித்துவிட்டேன். இரண்டாவது தடவை நின்றபடியே தூங்கிவிட்டேன்.

ஆய்வகத்தின் சீஃப் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“வேலை தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாம். உனக்கு வேலை தெரியும். அப்புறம் என்னம்மா?”

“தூக்கம் இல்ல சார்.”

“அதை நான் ஃபைல்ல எழுத முடியாது. உன் ப்ரொபேஷன் அடுத்த வெள்ளிக்கிழமையோட முடியுது. அன்னிக்கு நம்பர் மட்டும் போட்ட பாட்டில் ஆறு வரும். ஆறும் சரியா இருந்தா கையெழுத்துப் போடறேன். ஒண்ணு தப்பினாலும் என் கையில இல்ல. போய் முதல்ல தூங்கு.”

வெளியே வந்தபோது பக்கத்து மேஜைக்காரர் காத்திருந்தார். ஆறடி உயரம், ஒல்லி, பேச்சைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார் என்பதால் ஆய்வகத்தில் அவருக்குப் பியூரெட் என்று பெயர்.

“உடம்புக்கு என்ன?”

“எரிச்சல்.”

“நெஞ்செரிச்சலா, வயித்தெரிச்சலா?”

“நெஞ்செரிச்சல்தான்.”

“அப்ப மாத்திரை இருக்கு. வயித்தெரிச்சல்னா என் ஜன்னலோர மேஜையைக் குடுத்தாத்தான் தீரும். அதைத் தர மாட்டேன்.”

எரிவது நெஞ்சோ வயிறோ, நான் எப்போதும் நெஞ்செரிச்சல் என்றுதான் சொல்வேன். வயிற்றெரிச்சல் என்றால் எங்கள் வீட்டில் வேறு. அடுத்தவர் நன்றாக இருப்பதைப் பார்த்து வருவது. தனக்கு வரவேண்டியது கைமாறிப் போனதால் வருவது. அந்த வார்த்தையைச் சொன்னால் யாரையோ சபிப்பதுபோல இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்ல மாட்டேன்.

அன்று மாலை டாக்டரிடம் போனேன். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு பை வரைந்தார்.

“இதுதான் வயிறு. இடது பக்கமாத் தொங்குது. நீ இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா அமிலம் பையோட அடியில தேங்கும். வலது பக்கம் படுத்தா பையோட வாய் வழியா மேல வழியும். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள்ள முடி. பதினொண்ணுக்கு முன்னால படுக்காதே. காபி கிடையாது.”

“தலையணை ரெண்டு வெச்சுக்கறேன் டாக்டர்.”

“அதைத்தான் எல்லாரும் செய்யறீங்க. இடுப்பு மடிஞ்சு வயித்தை அழுத்தும். கட்டிலையே தூக்கு. தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில ஆறு அங்குலம், அசையாம நிக்கற மாதிரி.” பேனாவை மூடினார். “தூக்கத்துல இருமறியா?”

“தனியா இருக்கேன். தெரியல.”

“போனைப் பக்கத்துல வை. சத்தம் வந்தா மட்டும் பதிவாகற ஆப் இருக்கு. எத்தனை தடவைன்னு எனக்குச் சொல்லு.”

அன்று இரவே போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். கூடவே ஒரு நீல லிட்மஸ் தாளையும் தலையணை உறையில் குத்தினேன். தேதி முடிந்துபோன தாள்கள் ஆய்வகத்தில் நிறைய உண்டு. அமிலம் பட்டால் நீலம் சிவப்பாகும்.

காலையில் தாள் சிவந்திருந்தது. போனில் ஆறு பதிவுகள். நான்கு இருமல். ஒன்று கட்டில் சத்தம். கடைசிப் பதிவு மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்தில்.

முதலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு, அவசரமே இல்லாமல், ஒரு குரல்.

“அக்கா.”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. யாரோ திரும்பிப் பார்ப்பதற்காகக் காத்திருப்பது போன்ற இடைவெளி.

“வயித்தெரிச்சலா இருக்குக்கா.”

மூன்று தடவை கேட்டேன். அமிலம் படப் படக் குரல் நாண்கள் வீங்கும். குரல் தடிக்கும், வயது கூடியதுபோலத் தோன்றும். தூக்கத்தில் பேசுவதும் அதிசயமில்லை. இதுவரை எனக்கு விளக்கம் இருந்தது.

எனக்கு அக்கா இல்லை. அண்ணன் ஒருவன்தான். அவனுக்குப் போன் செய்தேன்.

“அண்ணா, நான் தூக்கத்துல பேசுவேனா?”

“முழிச்சிருக்கும்போதே நீ பேச மாட்டே. தூக்கத்துல என்ன பேசப்போறே?” என்று சிரித்தான். “ஏன், பயமா இருக்கா? வந்து கூட்டிட்டுப் போகவா?”

“வேண்டாம். வெள்ளிக்கிழமை முடியட்டும்.”

தெருமுனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். காவலாளியிடம் கேட்டு நான்கு செங்கல் வாங்கினேன். துணிப்பையில் இரண்டிரண்டாக மாடிக்கு ஏற்றினேன். கட்டிலின் தலைமாட்டைத் தோளால் தூக்கி நகர்த்தியபோது தரையில் அந்த அடையாளங்களைப் பார்த்தேன்.

அறை முழுவதும் தரை மங்கியிருந்தது. கட்டில் கால்கள் இருந்த இடத்தில் மட்டும் இரண்டு நீள்சதுரங்கள், நேற்றுப் போட்டதுபோல் சிவப்பாக இருந்தன. செங்கல்லை அதன்மேல் வைத்தேன். ஓரம் ஓரத்தோடு பொருந்தியது.

செங்கல் எல்லாம் ஒரே அளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். குழிந்த பக்கத்தை மேலாக வைத்து, அந்தக் குழியில் கட்டில் காலை இறக்கினேன். அசையவில்லை.

இடப்பக்கம் படுத்தால் முகம் சுவரைப் பார்க்காது. அறையின் காலியான பாதியைப் பார்க்கும். அது ஒன்றுதான் பிடிக்கவில்லை. ஆனால் தூக்கம் வந்தது. சரிவில் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, விடியும்போது கால் கட்டிலின் கீழ்க்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாள் நீலமாகவே இருந்தது. போனில் ஒரு பதிவும் இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஐந்து இரவுகள் தூங்கினேன். ஆய்வகத்தில் ஒரு சொட்டு தப்பவில்லை.

ஆறாம் நாள், புதன்கிழமை காலை, வீட்டுக்காரம்மா படியடியில் நின்றிருந்தார். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

“அஞ்சு நாளா சத்தமே இல்லையே?” என்றார். குறை சொல்வதுபோல இருந்தது.

“நல்லாத் தூங்கறேன் ஆன்ட்டி.”

“எப்படி?”

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

மாலை வந்து கதவைத் திறந்தபோது கட்டில் மட்டமாக இருந்தது. செங்கல் இல்லை. விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, தலையணையைத் தட்டி வைத்திருந்தது. மாடியின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கீழே இறங்கிப் போனேன். கதவு சாத்தியிருந்தது. கையைத் தூக்கினேன். தட்டவில்லை. திரும்பி வந்தேன்.

அன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுத்தேன். டாக்டர் சொன்னதுதான் நடந்தது. தொண்டை அடைத்து மூச்சு முட்டி எழுந்தபோது மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். வாயெல்லாம் புளிப்பு. புளிப்போடு இன்னொன்றும் வாயில் இருந்தது. ஒரு வார்த்தையின் வால்.

“...க்கா.”

அதைச் சொல்லி முடித்தது என் நாக்குதான். முழுவதுமாக விழித்திருந்தேன்.

கீழே ஓர் அறைக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் படியடிவரை வந்தது. அங்கேயே நின்றது. வெகுநேரம் கழித்துத் திரும்பிப் போனது.

வியாழக்கிழமை காலை என் குடுவை ரத்தச் சிவப்பாகிவிட்டது. பியூரெட் அதை வாங்கித் தொட்டியில் கொட்டினார். குழாயைத் திறந்து கழுவியபடியே, “இன்னிக்கு யாரும் பாக்கல,” என்றார். “நாளைக்குப் பாப்பாங்க.”

மாலை நான் கதவைத் தட்டினேன்.

“ஆன்ட்டி, செங்கல் எங்க?”

“என் கட்டிலை நீ ஏன் தூக்கற? மட்டமா இருந்த கட்டில்.”

“எனக்கு எதுக்களிப்பு இருக்கு ஆன்ட்டி. மட்டமாப் படுத்தா வயித்துல இருக்கற அமிலம் தொண்டைக்கு வந்துடுது. தலைமாடு ஒசந்திருந்தா வராது. டாக்டர் சொன்னாங்க. நாளைக்கு எனக்குப் பரீட்சை மாதிரி. இன்னிக்குத் தூங்கலேன்னா வேலை போயிடும்.”

அந்த வீட்டில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

“அவளும் இப்படித்தான் செங்கல்லைக் கொண்டுவந்து வெச்சா.”

“யாரு?”

“என் தங்கச்சி.” உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வாசற்படியிலேயே நின்றேன். “மேல ரெண்டு கட்டில் இருந்துச்சு. எனக்கொண்ணு, அவளுக்கொண்ணு. அப்பா வீட்டை என் பேருக்கு மட்டும் எழுதி வெச்சுட்டுப் போயிட்டாரு. அவ பகல்ல ஒரு வார்த்தை கேக்கல. ஒரு நாள் பாத்தா செங்கல்லை வெச்சு என்னைவிட ஒசரமாப் படுத்திருக்கா. ‘வீடு எனக்கு, ஒசரம் உனக்கா’ன்னு கேட்டேன். சிரிச்சா. நாலஞ்சு வருஷம் அந்தச் செங்கல் மேலதான் படுத்தா. அப்புறம் ஒரு சண்டையில நான் எடுத்து வெளியில போட்டுட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ராத்திரியானா ஆரம்பிச்சுட்டா. ‘அக்கா, வயித்தெரிச்சலா இருக்குக்கா.’ தினமும்! வீட்டைத்தான் சொல்லிக் காட்டறா. எத்தனை நாள் கேட்டுக்கிட்டுக் கிடக்கறது? ‘எரிஞ்சா எரியட்டும், பேசாம படு’ன்னு சொன்னேன். என் கட்டிலைக் கீழ இறக்கிட்டேன். ஆறு மாசத்துல போயிட்டா. ஹார்ட்டுன்னாங்க. என்னைக் கேட்டா அவ வயித்தெரிச்சல்லதான் போனா.”

அவர் வீட்டுக் குளிர்பெட்டி உறுமி நின்றது. டாக்டர் என்னைக் கேட்டதைப்போலவே அவரைக் கேட்டேன்.

“படுத்தா மட்டும்தான் சொல்வாங்களா?”

“ஆமா.”

“எழுந்து உக்காருவாங்களா?”

“சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருப்பா. அதைத்தான் என்னால தாங்க முடியல.”

“காலையில குரல் கம்மியிருக்குமா?”

அவர் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, அவங்க சொன்னது நீங்க நெனச்ச வயித்தெரிச்சல் இல்ல. நிஜமாவே எரிஞ்சிருக்கு. எனக்கு எரியற மாதிரி. அதுக்குத்தான் செங்கல்.”

அவர் மெல்லக் கேட்டார்: “அப்ப, அவ தண்ணிதான் கேட்டாளா?”

நான் போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டேன். போட்டிருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியது. அவர் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

“இது என் குரல்தான் ஆன்ட்டி. அமிலம் பட்டதால கம்மியிருக்கு.”

“எனக்குத் தெரியாதா?” என்றார். திரும்பவும் போடச் சொன்னார். மூன்றாவது தடவை குரல் “அக்கா” என்றதும், அந்த இடைவெளியில், போனிடம் “சொல்லுடி,” என்றார்.

செங்கற்கள் பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்தன. இரண்டை நான் தூக்கினேன். இரண்டை அவர் தூக்கினார், வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. மேலே வந்ததும் நான் கட்டிலைத் தூக்கிப் பிடித்தேன். அவர் தரையைப் பார்க்காமலே கையால் தடவி, செங்கல்லை அந்தச் சிவப்புச் சதுரங்களில் வைத்தார்.

“நான் இங்க உக்காந்துக்கட்டுமா?” என்றார். நாற்காலியை இழுத்து அறையின் காலியான பாதியில் போட்டுக்கொண்டார்.

முடியாது என்று சொல்ல எனக்கு வராது. எனக்குத் தூக்கமும் வேண்டும். பதினொரு மணிக்கு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். இருட்டில் அவர் மடியில் கோத்த கைகள் மட்டும் தெரிந்தன. அவ்வளவுதான் நினைவு.

விழித்தபோது வெயில் வந்திருந்தது. வாயில் புளிப்பில்லை. உடம்பு பஞ்சுபோல இருந்தது. அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே இல்லை. நாற்காலி காலியாக, கட்டிலுக்கு மிக நெருக்கமாக இழுத்துப் போடப்பட்டிருந்தது. லிட்மஸ் தாள் நீலமாக இருந்தது.

போனில் ஒரே ஒரு பதிவு. பதினொன்று நாற்பதுக்குத் தொடங்கியது. நீளம் மூன்று மணி நேரமும் நாற்பது நிமிடமும்.

நாற்காலி கிறீச்சிட்டது.

“அக்கா.”

“இங்கதான்டி இருக்கேன். எங்க எரியுது?”

பிறகு என் தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. நான் அப்படிச் சிரிப்பதில்லை.

அங்கேயே நிறுத்தினேன். நீலத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு புள்ளி சிவப்புக்கூட இல்லை. அமிலம் வரவில்லையென்றால் குரல் ஏன் மாற வேண்டும்? மீதியைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காமலே அழித்தேன். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

“அழித்துவிட்டேன்” என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. குரல் அடியோடு போயிருந்தது.

ஆறு பாட்டில்கள். ஆறு தடவையும் ஆரஞ்சிலேயே குழாயை மூடினேன். சீஃப் தன்னிடமிருந்த தாளோடு எண்களை ஒத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“தூங்கினியா?”

தலையாட்டினேன்.

“வாயைத் திறந்து நன்றி சொல்ல மாட்டியா?”

கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். பியூரெட் எட்டிப் பார்த்தார். “குரலைக் குடுத்து வேலையை வாங்கிட்டா சார்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சத்தமில்லாமல் சிரித்தேன்.

மாலை வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரம்மா படியில் நின்றிருந்தார். தலை வாரியிருந்தார். கண்ணடியில் கறுப்பில்லை. ஒரு கையில் வெந்நீர் ஃபிளாஸ்க், மறு கையில் மடித்த போர்வை.

“தொண்டை வலிக்குதா?”

தலையாட்டினேன்.

“நேத்து கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சு. பாவம், உன் தொண்டைதானே. இன்னிக்கு ரொம்ப நேரம் வேணாம்னு சொல்லிட்டேன்.” ஃபிளாஸ்க்கை என் கையில் கொடுத்தார். “இன்னிக்கும் வரட்டுமா? இன்னும் பேசி முடிக்கல.”

யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முந்தைய இரவின் தூக்கம் இன்னும் உடம்பில் இருந்தது. இனிமேல் தூங்காமல் இருக்க முடியாது என்று அந்த நிமிடம் தெரிந்தது. நான் ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்து விரல்களைக் காட்டினேன். பிறகு ஒரு விரலைக் காட்டினேன். பதினொரு மணிக்கு.

“ஆமா, எட்டு மணிக்குச் சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுத்தானே படுக்கணும். நீ கீழயே உக்காந்து மெதுவாச் சாப்பிட்டு வா,” என்றார். “நாங்க இருக்கோம்.”

என்னைத் தாண்டி மேலே ஏறிப் போனார். நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தேன். இதமாக இருந்தது.

மேலே நாற்காலி கிறீச்சிட்டது. சற்று நேரம் கழித்து, கட்டில்.